ஏழு

ஏழு வயது வரை கப்பலில் இலவசம்.
இனி எட்டு வரை என்று தீவுச் சபை சொல்லிவிட்டது.
"ஓர் எண்தானே, எவ்வளவு நேரம் ஆகிவிடும்?"
கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார் மேலாளர்.

டோர்ஷவ்ன் துறைமுகம். மழை சாய்ந்தடிக்கும் ஜன்னலோரம்
நிரலைத் துழாவுகிறாள் ரன்வா.
நாற்பத்தொரு ஏழுகள்.
சில குழந்தைகள்.
சில கிழமைகள்.
ஒன்று, தென்தீவுக்குப் போகும் ஏழாம் தடம்.
இன்னொன்று எதுவென்றே தெரியவில்லை;
அதன் தலைமேல் ஒரு குறிப்பு: தொடாதே.

எழுதியவன் யால்கிரிம். இப்போது
மீன்பிடிக் கப்பலில், ஐஸ்லாந்துக்கு அப்பால் எங்கோ.
இயந்திர இரைச்சலுக்கு நடுவே தொலைபேசியில் கத்துகிறான்:
"ஏதோ காரணம் இருந்தது.
நல்ல காரணம்."

சோதனைப் பிரதியில் முதல் ஏழை எட்டாக்கினாள்.
வாரத்துக்கு இன்னொரு நாள் முளைத்தது.
ஞாயிறுக்கும் திங்களுக்கும் இடையே
பெயரில்லாத ஒரு கிழமை,
அதில் காலை ஆறரைக்கு ஒரு கப்பல்,
இருக்கை எல்லாம் காலி.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏறிவிடலாம் போலிருந்தது.

கீழே, சீட்டுக் கொடுக்கும் பெயிந்தாவிடம் கேட்டாள்:
எட்டு வயதுப் பிள்ளை வந்தால் என்ன செய்வாய்?
"ஆறு என்று அடிப்பேன்."
எத்தனை நாளாக?
"எப்போதுமே. ஒன்பதுக்கும்கூட.
அம்மாவின் பர்ஸைப் பார்த்துத்தான்."

அறிக்கையில் ஒரு கட்டம்:
மாற்றுவது எவ்வளவு எளிது, பத்துக்கு?
இரண்டு என்று எழுதி, அடித்து,
ஒன்றரை என்றாள்.
பிற குறிப்புகள் என்ற இடத்தில்
பெயிந்தாவின் பெயரை எழுதவில்லை.