பத்து ஸ்கொயர்

அடுப்பின் முதுகில் ஒட்டிய தகட்டை
டார்ச் அடித்துப் படித்தேன்:
ஒன்பதாயிரத்து அறுநூறு வாட்.
இருநூற்று நாற்பதால் வகுத்தால் நாற்பது ஆம்பியர்.
சுவருக்குள் கிடப்பது நாலு ஸ்கொயர்.

“நேற்றுவரை எரிந்ததே” என்றாள் மதாம் சுஹைர்.
எரிந்ததுதான், மதாம்.
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஸ்விட்சுக்கு மேலே சுவரில் உள்ளங்கை வைத்தேன்.
காய்ச்சல்காரன் கழுத்து.
பழைய கம்பியை உருவியபோது
உறை சுட்ட அப்பளமாய் உதிர்ந்தது,
ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்து.

மங்காஃப், நாலாவது பிளாக், ஆறாம் மாடி.
வெளியே ஐம்பது டிகிரி.
பொய்க்கூரைக்கு மேலே எவ்வளவென்று
எலிக்குத்தான் தெரியும்.
அட்டவணை போட்டவன் முப்பது டிகிரி ஊர்க்காரன்.
அங்கே ஆறு ஸ்கொயர் நாற்பதைச் சுமந்துவிடும்;
இங்கே வந்தால் இருபத்தொன்பதுக்கே
மூச்சு வாங்கும்.
முதல் ஆகஸ்டில் நானும் அப்படித்தான்,
ஏணியின் இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு கணக்கும் உண்டு புத்தகத்தில்:
வீட்டு அடுப்பென்றால்
முதல் பத்து ஆம்பியர் முழுசாக,
மிச்சத்தில் முப்பது சதவீதம் போதும்.
எந்த வீட்டிலும் எல்லா அடுப்பும்
ஒரே நேரத்தில் எரிவதில்லையாம்.
நாற்பது பத்தொன்பதாகிவிடும்,
செலவும் பாதியாகிவிடும்.

மதாமிடம் கேட்டேன்.
“நோன்பு மாதத்தில் அறுபது பொட்டலம்.
நாலு அடுப்பும் ஓவனும்
அஸரிலிருந்து மக்ரிப் வரை.
எதை அணைக்கச் சொல்கிறாய்?”

எதை அணைக்கச் சொல்வேன்.
ஊறுகாய் அட்டைப்பெட்டியின் உள்பக்கம்
எழுதிய பத்தொன்பதை அடித்துவிட்டு
மறுபடி நாற்பது போட்டேன்.

ஃபஹாஹீல் கடையில் ஹுஸைஃபா பாய்
ஒரு சுருளைத் தூக்கிப் போட்டார்.
பத்து ஸ்கொயர், பாதி விலை.
கையில் எடுத்தேன், கனமே இல்லை.
நுனியைச் சீவிக் காலிப்பரில் பிடித்தால்
தோல்தான் தடிப்பு.
“எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க.”
எல்லார் வீட்டுச் சுவரிலும் நான் கை வைப்பதில்லை, பாய்.
நல்லதன் விலையை அவர் இரண்டு முறை சொன்னார்.
போனில் நான் ஒருமுறை சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும்.
பிறகு, “சரி, வாங்கு.”

பத்து ஸ்கொயர் சொன்ன பேச்சுக் கேட்காது.
வளைவில் முரண்டும்.
பழைய குழாயில் நுழையாது.
சுவரை வெட்ட ஹாரிஸிடம் கெஞ்சி
ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.
சிவப்பு, கறுப்பு, பச்சைமஞ்சள்.
ஒரு இழைகூடப் பிதுங்காமல்
எர்த்தை முதலில் இறுக்கினேன்.
மற்றவை கோபித்துக்கொண்டால்
போக ஒரு வழி வேண்டுமே.

இரவு எட்டரைக்கு
எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னேன்.
அரை மணி நேரம் சுவரில் உள்ளங்கை.
மதாம் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.
சுவர் சுவராகவே இருந்தது.
கூலியோடு ஒரு டப்பா மஹ்ஷியும் தந்தாள்.

மஹ்பூலாவில் எங்கள் அறையில் ஏழு பேர்.
ஒரே பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன்;
ஒன்றரை ஸ்கொயர் என்று
அதுவே சொல்லிக்கொள்கிறது.
இன்டக்ஷன் அடுப்பு, சோற்றுக் குக்கர், இஸ்திரிப்பெட்டி.
கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
ஆறு மணி சித்திரவேலு,
ஆறே முக்கால் அருளப்பன்,
ஏழரை மொகிதீன்,
இப்படியே போய்ப் பத்தரைக்கு நான்.
புத்தகம் எழுதியவன் சொன்ன வீடு
எங்கள் அறையாகத்தான் இருக்கும்.

“அயர்ன் பாக்ஸ் அணைச்சாச்சா?”
“அணைச்சாச்சுண்ணே.”

மஹ்ஷியைச் சூடாக்கினேன்.
பக்கத்திலேயே கிடந்தது வயர்.
தொட்டுப் பார்க்கவில்லை.