நிலுவை

டி.சி. வாங்க ஏழு கையெழுத்து வேண்டும்.
ஆய்வகம், விடுதி, உடற்கல்வி, துறைத்தலைவர்,
ஆறு பேரும் போட்டுவிட்டார்கள்.
நடுவில் என் கட்டம் மட்டும் காலி.
நூலகம்: நிலுவை இல்லை.

அரை நிமிட வேலை.
போன ஆடியில் மாரிக்கண்ணுக்கு அப்படித்தான் போட்டேன்.
இயற்பியல், இரண்டாமாண்டு.
ஏன் என்று கேட்கவில்லை.
பின்னால் நாலு பேர் நின்றார்கள்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது,
ஊதி ஊதிக் குத்தினேன்.
அவள் குரல் எப்படி இருக்கும் என்று
இப்போது யோசித்தால்
அந்த ஊதல்தான் கேட்கிறது.

இவன் சேவுகமூர்த்தி. கணிதம், முதலாண்டு.
புதுவயல் அரிசி ஆலையில் இரவு ஷிப்ட்.
ஏழரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
காரைக்குடி வரை நின்றே தூங்குவானாம்.
இங்கே வந்தும் படித்ததை விட
மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே
தலை கவிழ்த்துக் கிடந்ததே அதிகம்.
தூங்குபவரை எழுப்பச் சொல்லி விதி உண்டு.
எனக்குக் கண் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு தாளில் மூன்று போய்விட்டது.
படிவத்தை நீட்டினான்.
"புக்கு செவ்வாய்க்கிழமையே குடுத்துட்டேன் மேடம்."
கொடுத்திருந்தான்.
இன்னும் வரவு வைக்காமல்
என் இழுப்பறையில்தான் இருந்தது.
வகைநுண்கணிதம், அட்டை பிய்ந்த பழைய பிரதி.
அன்றே பிரித்துப் பார்த்திருந்தேன், தாள் மடிப்பில் தவிடு.
முப்பதாம் பக்கத்தில், எழுபத்திரண்டில்,
நூற்றுப் பன்னிரண்டு வரை.
அப்புறம் தாள்கள் சுத்தம்.

படிப்பை வேண்டாம் என்கிறவன்
நூற்றுப் பன்னிரண்டு வரை வரமாட்டான்.

"கம்ப்யூட்டர்ல நிலுவைன்னு காட்டுதே.
மாத்தி அடுக்கியிருப்பாங்க, தேடிப் பாருங்க."

நாலு வருஷ ஒப்பந்த வேலையில்
நான் சொன்ன முதல் பொய்.
(இரண்டாவது. கண்ணைப் பற்றியது முதல்.)

முதல் நாள் கணித அடுக்கு முழுக்கத் துழாவினான்.
மறுநாள் இயற்பியல் பக்கம் போனான்,
யாராவது அங்கே செருகியிருப்பார்களோ என்று.
தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் உமையாள்,
மூன்றாமாண்டு,
அவன் தோற்ற அதே தாளை
மூன்று முறை எழுதி எழுந்தவள்.
"என்னத்தத் தொலைச்ச?"
அவன் என்ன சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.
பழைய வினாத்தாள் கட்டின் சணல் அவிழ்ந்தது மட்டும் தெரிந்தது.
மூன்றாம் நாள் புத்தகத்தை அவன் தேடவே இல்லை.

நான்காம் நாள் வரவில்லை.
ஐந்தாம் நாளும்.
சாப்பாட்டு டப்பாவை எடுக்க
இழுப்பறையைத் திறக்கக் கை வரவில்லை எனக்கு.

இதற்குள் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று
முதல்வர் அறையிலிருந்து ஒரு தாள்.
தினசரி வருகை எத்தனை? எழுதினேன்.
இரவல் எத்தனை? எழுதினேன்.
நூலகத்தால் படிப்பைத் தொடர்ந்த மாணவர் எத்தனை, ஆதாரத்துடன்?
ஆதாரம்.
தவிட்டை எந்த உறையில் போட்டு இணைப்பது?
கையெழுத்துப் போட்டு நாங்களே அனுப்பியவர்களுக்கு
அந்தத் தாளில் கட்டமே இல்லை.

திங்கட்கிழமை குண்டூசிக்காக
இழுப்பறையை இழுத்தபோது
எதிரே நின்றிருந்தான்.
ஆலையில் பெல்ட் அறுந்து இரண்டு நாள்
பகலிலும் வேலையாம்.
டப்பாவுக்கு அடியில் அந்தப் பிய்ந்த அட்டை.
பார்த்தான்.
நான் முத்திரையைப் பார்த்தேன்.

"அது என் பேர்லயே இருக்கட்டும் மேடம்.
இன்னும் ஒரு பதினாலு நாள்."

மை இன்று ஈரமாக இருந்தது.

படிவத்தை அவன் திருப்பிக் கேட்கவில்லை,
நான் கொடுக்கவுமில்லை.
ஆறு கையெழுத்தோடு உள்ளே கிடக்கிறது.
விசிறி காரணமா, உமையாளா, பொய்யா,
இல்லை ஆலையில் கூலி குறைந்ததா, எனக்குத் தெரியாது.
ஏப்ரலில் என்ன ஆகுமோ, அதுவும் தெரியாது.

நேற்று புத்தகம் வந்தது.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் தவிடு.
தட்டாமல் மூடி வைத்தேன்.