இறுக்கி மூடக் கூடாது

பன்னீர் திராட்சை ஐந்து கிலோ.
பாளை மார்க்கெட்டில் பேரம் பேசாமல் வாங்கினேன்,
பேசினால் எதற்கு இத்தனை என்று கேட்பான்.
காம்பு கிள்ளிக் கழுவி
ஃபேனுக்கடியில் பழைய வேட்டியில் பரப்பினேன்.
வேட்டி அவருடையது.
கறை ஏறுமே என்று
பிறகுதான் உறைத்தது.

ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்,
சீனி குறைந்தால் புளித்துப்போகும்.
கோதுமை ஒரு கைப்பிடி, ஈஸ்ட் ஒரு கரண்டி,
பட்டை, கிராம்பு.
பிசையப் பிசைய நகக்கண்ணெல்லாம் ஊதா.
எட்டு பாட்டிலுக்கு முன்பணம் வாங்கியாயிற்று:
லில்லிபாய் டீச்சருக்கு மூன்று,
தபாலாபீஸ் செல்வினுக்கு இரண்டு,
மற்றவர்கள் பேர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்கள்.
மகளின் பரீட்சைக் கட்டணம் அதில்தான்.

தீமோத்தேயு குடியை விட்டு
அன்றைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாள்.
காலண்டர் தாளைக் கிழித்து
முதுகில் பென்சிலால் எண்ணை எழுதி
பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோவார்.
அங்கே அதை என்ன செய்வார், தெரியாது.
மேடைமேல் ஜாடியைப் பார்த்தவர்
"இந்த வருசமுமா?" என்றார்.
அவ்வளவுதான்.
என்னிடமும் ஓர் எண் இருந்தது, இருபத்தொன்று.
ஒரே வீட்டில் இரண்டு கணக்கு.

மூன்றாம் நாள் அது பேச ஆரம்பித்தது.
பகலில் கேட்காது.
சமாதானபுரத்தில் கடைசி பஸ் திரும்பிய பிறகு
பொசுக், பொசுக் என்று
அடுக்களையிலிருந்து வரும்.
படுத்தபடி இரண்டு பேரும் கேட்போம்.
கேட்கிறதா என்று
ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

காலையில் அவர் குளிக்கிற நேரம் பார்த்து
மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுவேன்.
மல் துணி போட்டு, பீங்கான் மூடி வைத்து
கட்டுக்கம்பி சுற்றி முறுக்குவேன்.
எலிக்கு என்று சொல்லிக்கொண்டேன்.
எலிக்கு யாரும்
அத்தனை முறுக்கு முறுக்குவதில்லை.

பதினோராம் ராத்திரி மழை. கரண்ட் இல்லை.
கையை நீட்டினேன்,
பாயில் அவர் பக்கம் சில்லிட்டிருந்தது.
அடுக்களையில் டார்ச் வெளிச்சம்.
நான் எழுந்துபோன விதம்
எனக்கே பிடிக்கவில்லை:
பூனை மாதிரி, சுவரோரமாக,
வாய் நிறைய வசவோடு.

டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குறடால் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
முகத்தை முடிந்தமட்டும் தூரமாக
ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார்.
மழைச்சாரல் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
மூடி தளர்ந்ததும்
ஜாடி நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"சார்ஜ் ஏறும்போது மூடியைத் தளத்தி வைக்கணும்ட்டி"
என்றார், என்னைப் பார்க்காமலே.
"இல்லேன்னா சவம் வெடிச்சிரும்."

வசவு வாயிலேயே இருந்தது.
ஒரு செம்பு தண்ணீர் மொண்டு
அதோடு சேர்த்து விழுங்கினேன்.

வடிகட்டிய அன்று
கடையிலிருந்து பிந்தி வந்தார், வேண்டுமென்றே.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
"கிராம்பு கூடிப்போச்சு" என்றார்.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.
கூடித்தான் போயிருந்தது.
லில்லிபாய் டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
பல்வலிக்கு நல்லது என்றான் செல்வின்.

கால் பாட்டில் மிஞ்சியது.
கொட்ட மனசில்லை, ஒளித்துவைக்க வெட்கம்.
மூடாமல் ஜன்னலில் வைத்தேன்.
தை பிறப்பதற்குள் காடியாகிவிட்டது.

அதைத்தான் இப்போது
வாளை மீனில் ஊற்றிப் பிசைகிறார்.
இன்னும் ரெண்டு உள்ளி நறுக்கு என்று அதட்டுகிறார்.
முழங்கை வரை வடிகிறது,
துடைக்கவில்லை.

கிழித்த காலண்டர் தாள்
மேசைமேல் குப்புறக் கிடக்கிறது.
இன்றைய எண்ணை எழுத மறந்திருக்கிறார்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.