தொண்ணூறாவது நாள்

படகு கிளம்பி, பியூனஸ் அயர்ஸின் கட்டடங்கள்
சீப்பின் பல்லாகச் சிறுத்தபோது
பின்வரிசையில் யாரோ
மூச்சை உள்ளே இழுத்தபடி 'யா' என்றார்கள்.

ஊர் உலகமெல்லாம் மூச்சை விட்டுத்தான் ஆமாம் சொல்கிறது.
இழுத்துக்கொண்டு சொல்பவர்கள் எங்கள் வடக்கில் இருக்கிறோம்,
சம்மதத்தைக்கூடச் செலவழிக்க மனம் வராதவர்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
மூன்று வருடமாகத் தொண்ணூறு நாளுக்கொரு முறை
இந்தப் பழுப்பு ஆற்றைத் தாண்டுகிறேன்.
உருகுவேயில் ஒரு காப்பி, கடவுச்சீட்டில் ஒரு முத்திரை,
மாலையில் அதே வீட்டுக்குப் புதிதாக வந்தவள்.
யாராவது கேட்டால் பின்லாந்து என்பேன்.
எஸ்தோனியா என்றால் வரைபடம் வரைய வேண்டும்.

கொலோனியாவில் கலங்கரை விளக்கத்தடியில்
மறுபடி அவர்கள்: ஒரு தம்பதி, கூடவே ஒல்லியாக ஒருவர்.
"அந்தப் பச்சைக் கோட்டுக்காரியைக் கேளேன், ஹெல்துர்.
பல்வலி வந்தவள் மாதிரி நிற்கிறாள், பரவாயில்லை,
படம் எடுக்கப் பல் வேண்டாம்."

ஹெல்துர் உடைந்த ஸ்பானிஷில் கேட்டார்.
முகத்தைக் கல்லாக்கிக் கைபேசியை வாங்கி உயர்த்தி
"யுக்ஸ், காக்ஸ்..." என்றுவிட்டேன்.
எண்ணுவது மட்டும் எந்த மொழியிலும் மாறவில்லை எனக்கு.
பாதியில் நாக்கைக் கடித்தேன்.
மூன்றை அந்த ஒல்லி மனிதர் சொன்னார்:
"கோல்ம்."
படத்தில் மார்யே முகம் சிவந்து இருக்கிறாள்,
ஹெல்துர் கண்ணை மூடியிருக்கிறார்.
இன்னும் ஒன்று எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகென்ன, ஒரே மேசை.
கறுப்பு ரொட்டிக்கு எந்தக் கடை,
பெல்கிரானோவில் ஒரு ஜெர்மன்காரர் சுடுகிறார், புளிப்பு போதாது.
வாடகை டாலரிலா பெசோவிலா.
ஹெல்துர் பரிசாரகனைச் சொடுக்குப் போட்டு அழைத்தார்.
ஊரில் என்றால் இவரோடு
ஒரு பஸ் நிறுத்தத்தில்கூட நின்றிருக்க மாட்டேன்.

அப்புறம் பேச்சு தீர்ந்தது.
யாரும் அதை நிரப்பவில்லை.
பியூனஸ் அயர்ஸில் நான் சும்மா இருந்தால்
கையைப் பிடித்து என்ன துக்கம் என்பார்கள்.
இங்கே நான்கு பேர் நாற்பது நிமிடம்
ஆற்றைப் பார்த்தபடி இருந்தோம்.
எலும்பெல்லாம் தளர்ந்து, எனக்குத் தூக்கமே வந்தது.

திரும்பும் துறையில் வரிசை பிரிந்தது.
வெளிநாட்டார் இந்தப் பக்கம், குடியிருப்பு அட்டை உள்ளவர் அந்தப் பக்கம்.
ஒல்லி மனிதர், யூலோ, அந்தப் பக்கம் போனார்.
அட்டையைக் காட்டி, முத்திரை எதுவும் இல்லாமல்
என்னை முந்தி வெளியே வந்துவிட்டார்.

வாசலில் கேட்டார், "அடுத்தது எப்போது உங்களுக்கு?"
"நவம்பர் முதல் வாரம்."
விரல்விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தார்.
"அட, எனக்கும் அன்றைக்குத்தான் முடிகிறது."

அந்த வரிசையில் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.
ஆமாம் என்றேன்.
உள்ளே இழுத்தா, வெளியே விட்டா,
டாக்சிக்காரர் அடித்த ஹாரனில் எனக்கே கேட்கவில்லை.