புள்ளிக்கோடு

புளியந்தீவுக் கோட்டைக்குள், படம் வைக்கும் அறையில்
ஈரம் தின்ற ஒரு வரைபடம்.
கீழ்மூலையில் பெயர்:
லெப்டினன்ட் கார்ஸ்டன், பொறியியற் படை.
பக்கத்திலேயே அவனுடைய களக்குறிப்பேடு,
மை பழுத்துத் தேயிலைச் சாயமாகி.

வெல்லாவெளியிலிருந்து மேற்கே
சங்கிலி சங்கிலியாய் எழுதிக்கொண்டு போகிறான்.
இடப்பக்கம் மருதமரம். வலப்பக்கம் புற்று.
முதலை கிடந்த மடு, எருமை வாடி.
ஒரு வயலுக்குப் பெயர் தெரியாமல்
'கொக்கு நிற்கிறது' என்று மட்டும்.
அந்த இடத்தில் அவனை எனக்குப் பிடித்தது.

பதினேழாம் பக்கத்தில் எழுத்து கோணுகிறது.
காய்ச்சல். கொயினா. மழை.
ஆற்றுக்கு அங்கால் ஒரு புள்ளிக்கோடு,
மேலே பென்சிலில்: உத்தேசம்.

கொழும்பில் படம் கீறுகிற எவனோ
புள்ளிகளைச் சேர்த்துவிட்டான்.
நல்ல மை. இன்னும் மங்கவில்லை.

பிறகு கப்டன்.
பிறகு வாளை ஆணியில் மாட்டிவிட்டுப் பேனை.
தமிழ்ச் சோதனையில் தேறி,
உப்பு, சாராயக் குத்தகை, மாட்டுக் கோமாரி, ஒரு பாலம்
என்று ஊர் ஊராய் உயர்ந்து
இருபத்திரண்டாம் வருஷம்
இதே கோட்டைக்கு ஏசண்டுத் துரையாய் வந்து இறங்கினார்.
(இனி அவன் என்று எழுதக் கை வரவில்லை.)

வழக்கு, கோட்டுக்கு அங்காலுள்ள காணி.
விதைநெல்லால் நிலம் அளக்கிற வேலாப்போடி
ஐம்பது அவணம் என்றான்.
படம் அதைக் காடு என்றது,
காடென்றால் முடிக்குரியது.
படம் போட்டவரே கதிரையில் இருந்தார்.

சாட்சிக்கு வந்தவர் உதுமாலெப்பை,
அந்நாளைய சங்கிலிக்காரர்:
"தொரே, அண்டைக்கு ஒங்களுக்குக் காய்ச்சல்.
நாம ஆத்துக்கு அங்கால போகல்ல.
சங்கிலிட மத்தத் தலப்பு
என்ட கையிலதான் இருந்திச்சி."

முதலியார் ஆங்கிலத்தில் சொன்னார்:
அன்று தாமும் சமுகமளித்திருந்ததாகச்
சாட்சி கூறுகிறார்.

தமிழ்ச் சோதனையில் தேறியவர்
இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதிவேட்டில் இரண்டாவதுதான் இருக்கிறது.
முதலாவது, பிறகு வேலாப்போடி எழுதுவித்த பெத்திசத்தில்.
அதன் ஓரத்தில் சிவப்பு மையில், நடுங்காத கையெழுத்தில்:
'கோவையில் இடுக.'

அடுத்த வருஷம் கொழும்பில் பெரிய பதவி.
அதற்கடுத்து ஒரு பட்டம், கப்பல், ஓய்வூதியம்.

நேற்று நான் அங்கே போனேன்.
செய்மதி சொல்கிறது, கோடு ஒன்பது சங்கிலி பிசகு.
ஆற்றைத் தாண்டினால் மின்வேலி,
அதற்குப் பின்னால் தனியன் நிற்குது சேர் என்றான் சாரதி.
மழையும் இருட்டிக்கொண்டு வந்தது.
கருவியை மடக்கி ஜீப்பில் ஏறினேன்.

மீதியைக் கந்தோரில், கணினியில்
புள்ளிகளாகத்தான் போட்டேன்.
உத்தேசம் என்று எழுதப் பார்த்தேன்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.