ஐந்தாம் கட்டிலின் முறை

சல்மாபாத்தில் ஆகஸ்ட்.
ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு
ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார்கள்.
வாளி நிறைய எத்தனை மணி நேரமென்று
அறையில் எல்லாருக்கும் தெரியும்.
தூங்கியது எத்தனை மணி நேரமென்று கேட்டால்தான்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

என் கேள்வி சின்னது.
இரவில் வீட்டோடு வெகுநேரம் பேசுகிறவர்கள்
குறைவாகத் தூங்குகிறார்கள்.
பேசுவதால் தூக்கம் போகிறதா,
தூக்கம் வராததால் பேசுகிறார்களா?

நாற்பது படிவம் சேர்த்தேன்.
இரண்டும் கூடவே நடக்கின்றன என்றன.
எது முன்னே, எது பின்னே என்று சொல்லவில்லை.
ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் கொடுத்தால்
எல்லாரும் மூன்றையே வட்டமிடுகிறார்கள்.
ஒன்று என்றால் ஃபோர்மேன் கூப்பிடுவார்,
ஐந்து என்றால் கண் பட்டுவிடும்.

ஓராண்டு பின்தொடர்ந்து பார் என்றார் டாக்டர் ஹெஸ்ஸா.
பதினெட்டுப் பேரோடு தொடங்கினேன்.
விசா முடிந்து நால்வர்,
கம்பெனி கைமாறி ரிஃபாவுக்கு ஆறு பேர்,
சொல்லாமல் போனவர் ஒருவர்.
மிஞ்சிய ஏழு பேரும் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள்.
தூங்க முடிந்தவர்கள்தான் மிஞ்சினார்களோ என்னவோ.

சரி, சோதனையே செய்துவிடுவோம்.
இரண்டு குழு. ஒரு குழு இரண்டு வாரம் பேசக் கூடாது.
யார் எதில் என்று நானும் முடிவு செய்யக் கூடாது,
அவர்களும் கூடாது.
டிபன் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினேன்.
"குலுக்கலா? இங்க வந்து சேர்ந்ததே அப்படித்தான்"
என்று ஸ்தனிஸ்லாஸ் சிரித்தான்.

பூவலிங்கம் பிரித்த சீட்டில் 'பேசாதவர்'.
அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.
"பாப்பா சுவத்தப் புடிச்சு நிக்குதும்மா.
இந்த ரெண்டு வாரத்துல நடந்துட்டா
அத எந்தப் பேப்பர்ல எழுதுவீங்க?"

நெறிமுறைக் குழுவின் முத்திரை
பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

சித்ரா பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது
ஒன்று மட்டும் தெளிவாயிற்று:
பிடுங்கிப் பார்ப்பது வேண்டாம்,
கொடுத்துப் பார்க்கலாம்.

மனாமா கடைத்தெருவில் நீலத்துணி,
வளையம், கம்பி.
ஐந்து கட்டில், வாரத்துக்கு ஒரு திரை.
எந்தக் கட்டில் எப்போது என்பது மறுபடி சீட்டு.
யாரையும் யாரோடும் ஒப்பிடப் போவதில்லை;
அவரவர் முந்தைய இரவுகளே அவரவர்க்கு அளவுகோல்.
திரைக்கு முன்பு முதல் கட்டிலுக்கு ஏழு இரவு,
கடைசிக் கட்டிலுக்கு முப்பத்தைந்து.
திரை விழுந்த இடத்தில் மட்டும் கோடு ஏறி
மற்றவை கிடந்தபடி கிடந்தால்
துணிதான் காரணமென்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கே வருமுன் எப்படித் தூங்கினார்கள்
என்பதற்குக் கோடு கிடையாது.
விமான நிலையத்தில் எடையைத்தான் போட்டார்கள்.

முதல் கட்டில் ஏறியது.
இரண்டாவது பூவலிங்கம். அதுவும் ஏறியது.
(அந்த வாரம்தான் பாப்பா நடந்தாள்.
இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்,
எப்படிக் கழிப்பதென்று தெரியவில்லை.)

மூன்றாம் வாரம்
முறை வராத ஐந்தாம் கட்டிலும் ஏறியிருந்தது.
என் கணக்கு தப்பு என்றுதான் நினைத்தேன்.
போய்ப் பார்த்தால்
செய்யது மைதீனின் கட்டிலை மறைத்து
ஒரு கைலி, மூன்று துணிக் கிளிப்பில்.
உள்ளே கைப்பேசி வெளிச்சம்.
யாரோ ஒரு பையன் பதினாறாம் வாய்ப்பாட்டில்
தடுக்கித் தடுக்கி ஏறிக்கொண்டிருந்தான்.

"உங்க முறை இன்னும் வரலையே" என்றேன்.
"அதான் காத்துக்கிட்டு இருக்கேன்"
என்றார், கைலியை விலக்காமல்.

குறிப்பேட்டைத் திறந்தேன்.
ஐந்தாம் கட்டில். பதினேழாம் இரவு முதல்.
பச்சைக் கட்டம், ஓரத்தில் தையல் விட்டது.
என்று எழுதிவிட்டு
இதை எந்தப் பத்தியின் கீழ் போடுவதென்று
நின்றுகொண்டிருந்தேன்.