மலை பெய்யுது

"மழை" என்று அடித்தால்
"மலை" என்று மாற்றிவிடும் இந்தப் போன்.
போன வாரம் குடும்பக் குரூப்பில்
"இங்க நல்ல மலை பெய்யுது" என்று போய்விட்டது.
வெள்ளவத்தைக் கடையிலிருந்து தம்பி புவனேந்திரன்
கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஏழு அனுப்பினான்.
கட்டாரிலிருந்து மச்சான் கேட்டார்:
குடை தாங்குமா?

திருத்தி அனுப்பத்தான் பார்த்தேன்.
எங்கள் டிவிசனில் சிக்னல்
தண்ணித் தாங்கிக்கு மேலே, அதுவும்
பொகவந்தலாவைப் பக்கம் திரும்பி நின்றால்தான்.
ஏறிப் போய் நின்றேன். அட்டை கடித்தது.
ஒரே ஒரு டிக்.
ரீலோட் முடிந்த செய்தி மட்டும்
மூன்று மொழியிலும் உடனே வந்தது.

நேற்றிரவு இரண்டு மணிக்கு
கீழ் லயத்துப் பின்சுவரை உடைத்துக்கொண்டு
சேறும் கல்லும் ஒரு சவுக்கு மரமும்
பாக்கியநாதன் வீட்டுக் குசினிக்குள் வந்தன.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
பூனையைத்தான் இன்னும் காணோம்.

பாடசாலை மண்டபத்தில்
சார்ஜருக்கு வரிசையில் நிற்கிறேன்.
ஒன்பது வீதம்.
தம்பி கேட்டிருக்கிறான்:
"அங்க என்ன நிலைமை?"
"ம" என்றதும்
போன் தானாகவே நீட்டுகிறது அந்தச் சொல்லை.

இந்த முறை
நான் திருத்தவில்லை.